உணவில் குறைத்த கொழுப்பு, கண்ணுக்குள் குறையாத கொழுப்பு: எல்சாட் குறைபாட்டில் ஒரு விழித்திரை

இங்கே விவரிக்கப்படும் குழந்தை ஒரு தனி நோயாளி அல்ல. நீண்ட கொழுப்பு அமிலங்களை எரிக்க உதவும் எல்சாட் என்ற நொதி பழுதாவதால் வரும் எல்சாட் குறைபாடு என்ற அரிய பரம்பரை நோயில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் போக்கை ஒரே குழந்தையின் வரலாறாகக் கோத்திருக்கிறேன். நோய் அரிது. ஆனால் நலமான விழித்திரை தினமும் ஓசையில்லாமல் செய்துவரும் ஒரு வேலையை இந்த அளவுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டும் நோய் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நோய் வரலாறு

தாய்க்கு முதல் கர்ப்பம். ஏழு மாதம் வரை குறையொன்றும் இல்லை. எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறியது. மேல்வயிற்றில் வலி, தொடர்ந்து வாந்தி. பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன, தட்டணுக்கள் குறைந்திருந்தன, சிவப்பணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. மகப்பேறு மருத்துவர்கள் ஹெல்ப் நோய்க்குறி என்று சொல்லும் நிலை இது. அறுவை செய்து குழந்தையைக் குறைமாதத்தில் எடுத்தார்கள். சில நாட்களில் தாய் தேறிவிட்டார். எடை குறைவாக இருந்தாலும் குழந்தையும் பால் குடித்து வளர்ந்தது. தாய்க்கு வந்த கல்லீரல் கோளாறை யாரும் குழந்தையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் சாதாரணச் சளிக்காய்ச்சல். மாலையில் பால் குடிக்க மறுத்த குழந்தை இரவு முழுவதும் உறங்கிவிட்டது. அசதியில் தூங்குகிறது என்று வீட்டாரும் எழுப்பவில்லை. விடிந்ததும் எழுப்பிப் பார்த்தால் உடல் துவண்டிருந்தது. கூப்பிட்ட குரலுக்கு அசைவில்லை. மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை அபாயகரமான அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கல்லீரல் வீங்கியிருந்தது. எக்கோ பரிசோதனையில் இதயத்தசை தடித்திருந்தது. சிறுநீரில் கீட்டோன் இல்லை என்றே சொல்லலாம்.

நோயைக் கண்டுபிடிக்க உதவியது அந்தக் கடைசிக் குறிப்புதான். பல மணி நேரம் உணவு இல்லாமல் போனால் உடல் தன் கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்கும். நீண்ட கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் துண்டாக்கிக் கீட்டோன்களாக மாற்றி அனுப்பும்; மூளையும் இதயமும் அதைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். ஆகவே பட்டினியில் சர்க்கரை குறையும்போது கீட்டோன் ஏற வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் கொழுப்பை எரிக்கும் பாதையில் எங்கோ அடைப்பு என்று பொருள்.

இரத்தத்தில் அசைல்கார்னிடைன், அதாவது கார்னிடைனோடு இணைந்த கொழுப்பு அமிலத்தின் அளவுகள் பார்க்கப்பட்டன. 16, 18 கார்பன் கொண்ட ஹைட்ராக்சி வகை அசைல்கார்னிடைன்கள் மிகுந்திருந்தன. மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது: எல்சாட் நொதிக்கான எச்ஏடிஎச்ஏ மரபணுவின் 1528ஆம் இடத்தில் குவானின் இருக்க வேண்டிய இடத்தில் சைட்டோசின். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளிலும் அதே பிழை. இந்த ஓர் எழுத்து மாறுவதால் புரதத்தின் 510ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் குளூட்டமின் வந்து உட்காருகிறது. எல்சாட் குறைபாடு உள்ள பெரும்பாலானவர்களிடம் காணப்படும் மாற்றம் இதுவே.

தாயின் கர்ப்பகால நோய்க்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. கருவும் நஞ்சுக்கொடியும் கையாள முடியாமல் விட்ட கொழுப்புத் துண்டுகள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. தாயிடம் மரபணுவின் ஒரு பிரதி ஏற்கெனவே பழுதாக இருப்பதால் அவருடைய கல்லீரலால் அந்தச் சுமையைத் தாங்க முடிவதில்லை. ஹெல்ப் நோய்க்குறியோ கர்ப்பகாலக் கொழுப்புக் கல்லீரலோ வந்த தாயின் குழந்தைக்கு, அது எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், இந்தச் சோதனையை உடனே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் குழந்தைக்கு ஐந்து மாதங்கள் வீணாயின.

சிகிச்சை அன்றே தொடங்கியது. நீண்ட நேரம் வெறும் வயிற்றில் விடக் கூடாது. உணவில் நீள்சங்கிலிக் கொழுப்பைக் கடுமையாகக் குறைக்க வேண்டும். அதற்கு ஈடாக நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் தர வேண்டும். அதன் அமிலங்கள் பழுதான நொதியின் உதவி இல்லாமலே எரியக்கூடியவை. காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இதயத்தசை சில மாதங்களில் இயல்பு நிலைக்குத் திரும்பியது. கல்லீரல் சுருங்கியது. குழந்தை நடந்தது, பேசியது.

கண்ணில் கண்டவை

நோய் உறுதியானபோது, கண்ணின் உட்புறப் பின்சுவரைப் பார்க்கும் விழியடிச் சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. இரண்டு வயது கடந்து செய்த சோதனையில் விழித்திரையின் நடுப்பகுதி சற்றே வெளுத்து, அதில் கருநிறப் பொடி தூவினாற்போல் நிறமி சிதறிக் கிடந்தது. கூர்மையான பார்வைக்கான மையப்பகுதியாகிய மாக்குலாவின் மையத்தில் அது சிறு திட்டாகத் திரண்டிருந்தது. பார்வையில் குறையில்லை. விழித்திரையின் மின் துலங்கலைப் பதிவு செய்யும் சோதனையும் இயல்பாகவே இருந்தது.

பள்ளி வயதில் மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் தொடங்கியது. வெயிலில் கண் கூசியது. கிட்டப்பார்வை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. மின் துலங்கலின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. விழியடியில் சிதறிய நிறமிக்கு நடுவே வெளிறிய தீவுகள் தோன்றின; அந்த இடங்களில் நிறமி அடுக்கும் அதன் பின்னால் உள்ள நுண்குழாய்களும் அழிந்து, விழித்திரைக்குப் பின்னால் உள்ள இரத்தநாளப் படலமான கோராய்டின் பெரிய நாளங்கள் வெட்டவெளியாகத் தெரிந்தன. பின்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் இந்தப் போக்கை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். முதல் நிலையில் விழியடி இயல்பாக இருக்கும். இரண்டாம் நிலையில் நிறமி சிதறும். மூன்றாம் நிலையில் விழித்திரையும் கோராய்டும் தேய்ந்து மையப்பார்வை குறையும். நான்காம் நிலையில் பின்துருவம், அதாவது விழியடியின் நடுப்பகுதி, முழுவதும் அழிந்துவிடும். நம் குழந்தை இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாவதற்கு நகர்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் உணவுக் கட்டுப்பாட்டில் பெற்றோர் ஒரு நாளும் தளரவில்லை. இதயமும் கல்லீரலும் நன்றாக இருந்தன. ஒரே நொதிதான் பழுது, ஒரே உணவுமுறைதான் சிகிச்சை. அப்படியிருக்க இதயத்தைக் காப்பாற்றிய உணவு கண்ணை ஏன் காப்பாற்றவில்லை? விடை தேட, நலமான ஒரு விழித்திரையில் காலை வெளிச்சம் பட்டதும் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விழித்திரை தன் கொழுப்பைக் கையாளும் விதம்

ஒளியை உணரும் கோல் செல்லின் வெளிப்பகுதி மெல்லிய சவ்வு வட்டுகளின் அடுக்கு. ஒரு செல்லில் ஏறக்குறைய ஆயிரம் வட்டுகள். ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் இந்தச் சவ்வுகளில்தான் பதிந்திருக்கிறது. சவ்வு என்றால் பாஸ்போலிப்பிட். பாஸ்போலிப்பிட் என்றால் கொழுப்பு அமிலம். இந்த வட்டுகளில் உள்ள கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி டிஎச்ஏ. 22 கார்பனும் ஆறு இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஒமேகா-3 அமிலம் அது. அந்த இரட்டைப் பிணைப்புகளால் சங்கிலி வளைந்து நெளிவதால் சவ்வு இளகி இருக்கிறது. ஒளி பட்ட ரோடாப்சின் தன் வடிவத்தை நொடியின் சிறு பங்கில் மாற்றிக்கொள்ள அந்த இளக்கம் தேவை. மீதியில் பெரும்பங்கு பால்மிடிக், ஸ்டியரிக் போன்ற, இரட்டைப் பிணைப்பு இல்லாமல் நேராக நிற்கும் நீள்சங்கிலி அமிலங்கள்; இவற்றை நேர்ச்சங்கிலி அமிலங்கள் என்கிறேன்.

ஆறு இரட்டைப் பிணைப்பு என்பது ஆபத்தும்கூட. ஒளியும் ஆக்சிஜனும் ஒருசேர நிறைந்த இடத்தில் டிஎச்ஏ எளிதில் ஆக்சிகரணமாகிக் கெடும். கெட்ட சவ்வைச் செப்பனிடும் வேலையில் விழித்திரை இறங்குவதே இல்லை. சவ்வையே மாற்றிவிடுகிறது. ரிச்சர்ட் யங் 1967இல் கதிரியக்க அடையாளமிட்ட அமினோ அமிலங்களை விலங்குகளுக்குக் கொடுத்து, புதிய வட்டுகள் வெளிப்பகுதியின் அடியில் பிறந்து நாளுக்கு நாள் நுனியை நோக்கி நகர்வதைக் காட்டினார். நுனிக்கு வந்த பழைய வட்டுகள் என்ன ஆகின்றன என்பதை 1969இல் அவரும் டீன் போக்கும் கண்டார்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் நிறமி செல்கள் அவற்றை விழுங்கிச் செரிக்கின்றன. எலிகளில் இந்த உதிர்வு நாள் முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை, வெளிச்சம் வந்த சிறிது நேரத்தில் அலையாக எழுகிறது என்று மேத்யூ லவேல் 1976இல் காட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு நிறமி செல்லைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். அதன் மேல்முனையிலிருந்து நீளும் விரல் போன்ற மடிப்புகள் ஏறக்குறைய முப்பது ஒளி உணர் செல்களின் நுனிகளைத் தழுவி நிற்கின்றன. காலையில் அந்த நுனிகளின் வெளிப்புறத்தில் பாஸ்பாடிடைல்செரின் தலைகாட்டுகிறது. வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம் ஒளிந்திருக்கும் இந்த மூலக்கூறு வெளியே தெரிவது, ‘என்னை எடுத்துக்கொள்’ என்ற அழைப்பு. நிறமி செல்லின் இன்டெக்ரின் அதைப் பற்றிக்கொள்கிறது. மெர்டிகே என்ற ஏற்பி விழுங்கச் சொல்லிச் சமிக்ஞை கொடுக்கிறது. வெளிப்பகுதியின் பத்தில் ஒரு பங்கு நிறமி செல்லுக்குள் போகிறது. மறுநாளும் இதே கதை. பத்து நாட்களில் வெளிப்பகுதி முழுவதும் புதிதாகிவிடுகிறது. நிறமி செல்லுக்கோ மாற்று ஆள் கிடையாது. அது பிரிந்து பெருகுவதில்லை. பிறந்தபோது இருந்த அதே செல் வாழ்நாள் முழுவதும் தினமும் இந்தக் கொழுப்பைச் செரித்தாக வேண்டும்.

விழுங்கியதை என்ன செய்கிறது என்பதில்தான் இந்தச் செல்லின் திறமை தெரிகிறது. உள்ளே வந்த கொழுப்பு இரண்டு வழிகளில் பிரிகிறது.

டிஎச்ஏ பெரும்பாலும் எரிக்கப்படுவதில்லை. நிறமி செல் அதைச் சிறிது நேரம் டிரைகிளிசரைடு துளிகளில் ஒதுக்கி வைத்து, பிறகு ஒளி உணர் செல்லுக்கே திருப்பி அனுப்புகிறது. நிக்கோலஸ் பசான் குழுவினர் தவளைகளில் கதிரியக்க அடையாளமிட்ட டிஎச்ஏவைப் பின்தொடர்ந்து இந்தச் சுற்றைக் கண்டார்கள். கல்லீரலிலிருந்து இரத்தம் வழியாக விழித்திரைக்கு வருவதை நெடுஞ்சுற்று என்றும், நிறமி அடுக்குக்கும் ஒளி உணர் செல்லுக்கும் நடுவே ஓடுவதைக் குறுஞ்சுற்று என்றும் பிரித்துச் சொன்னார்கள். இந்தக் குறுஞ்சுற்றின் சிக்கனம் வியக்கவைப்பது. ஒமேகா-3 இல்லாத உணவு நெடுநாள் கொடுக்கப்பட்ட விலங்குகளில் மற்ற உறுப்புகள் டிஎச்ஏவை இழந்த பிறகும் விழித்திரை தன் கையிருப்பை விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடிக்கு அடிப்போநெக்டின் ஏற்பி 1 என்ற புரதம் தேவை என்பது 2015இல் தெரியவந்தது. அது இல்லாத சுண்டெலிகளின் விழித்திரையில் டிஎச்ஏ சரிந்து ஒளி உணர் செல்கள் மடிந்தன.

பால்மிடிக் போன்ற நேர்ச்சங்கிலி அமிலங்களுக்கு வேறு வழி. அவை நிறமி செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்படுகின்றன. கிடைக்கும் அசிட்டைல் துண்டுகளில் ஒரு பகுதி அந்தச் செல்லுக்கே எரிபொருள். மீதி கீட்டோனாகிறது. ஆம், கல்லீரல் செய்யும் அதே வேலை. அதே எச்எம்ஜிசிஎஸ்2 நொதியைக் கொண்டு. வளர்ப்பு நிறமி செல்களுக்குப் பால்மிடிக் அமிலம் கொடுத்தால், அவை பீட்டா-ஹைட்ராக்சிப்யூட்டிரேட் என்ற கீட்டோனை விழித்திரையை நோக்கிய பக்கத்தில் வெளியிடுகின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. உதிர்ந்த வெளிப்பகுதிகளை விழுங்கினாலும் அதே கீட்டோன் வருகிறது என்பது 2017இல் உறுதியானது. அந்தக் கீட்டோனை ஒளி உணர் செல்கள் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. நேற்று ஒளியைப் பிடித்த சவ்வு இன்று அதே செல்லுக்கு உணவாகத் திரும்புகிறது.

இதில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. விழித்திரை குளுக்கோஸைக் கட்டுக்கடங்காமல் செலவழிக்கும் திசு. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் பெரும்பகுதியை லாக்டேட்டாக மாற்றிவிடுகிறது என்பதை 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அந்தக் குளுக்கோஸ் கோராய்டின் இரத்தத்திலிருந்து நிறமி அடுக்கைக் கடந்துதான் ஒளி உணர் செல்லுக்கு வர வேண்டும். வழியில் இருக்கும் நிறமி செல் அதைத் தானே எடுத்துக்கொண்டால் ஒளி உணர் செல் பட்டினி கிடக்கும். எனவே நிறமி செல் லாக்டேட்டையும் கொழுப்பு அமிலத்தையும் எரித்து வாழ்கிறது. குளுக்கோஸைத் தொடாமல் முன்னே அனுப்புகிறது. ஜேம்ஸ் ஹர்லி குழுவினர் 2017இல் இந்தப் பரிமாற்றத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். நிறமி செல் கொழுப்பை எரிக்கத் தவறினால் குளுக்கோஸில் கைவைக்கும். அப்போது பாதிப்பு இரு பக்கமும் போகும்.

எங்கே தடைபடுகிறது

கொழுப்பு அமிலத்தை நறுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு படிகள். முதலில் ஹைட்ரஜன் நீக்கம், பிறகு நீர் சேர்ப்பு, மறுபடி ஹைட்ரஜன் நீக்கம், கடைசியில் இரண்டு கார்பன் துண்டு. 16 கார்பன் பால்மிடிக் அமிலம் ஏழு சுற்றுகளில் எட்டு அசிட்டைல் துண்டுகளாகிறது. எல்சாட் நொதி மூன்றாம் படிக்குப் பொறுப்பு. அது பழுதானால் முதல் இரண்டு படிகள் தடையின்றி நடக்கும். ஹைட்ராக்சிக் குழு ஏறிய நீள்சங்கிலிகள் உருவாகிக்கொண்டே இருக்கும். மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும்.

நோயாளியிடமிருந்து எடுத்த செல்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து நிறமி செல்களை வளர்த்த பின்லாந்து ஆய்வு 2015இல் வெளிவந்தது. அந்தச் செல்கள் ஒழுங்கற்ற வடிவில் இருந்தன. நிறமி குறைவாகவும், உள்ளே கொழுப்புத் துளிகள் அதிகமாகவும் இருந்தன. குழந்தையின் விழியடியில் பொடி தூவியதுபோல் தெரிந்த நிறமிச் சிதறலுக்கும் இந்தச் செல்களின் சீர்குலைவுக்கும் தொடர்பு இருப்பதாகவே நான் பார்க்கிறேன். முதலில் நிறமி செல் சாகிறது. அது சுரக்கும் வளர்ச்சிக் காரணியை நம்பியிருக்கும் கோராய்டு நுண்குழாய்கள் அடுத்துச் சுருங்குகின்றன. ஒளி உணர் செல்களின் முறை பிறகு வருகிறது. மின் துலங்கல் முதலில் இயல்பாக இருந்து தாமதமாகக் குறைந்தது இந்த வரிசையோடு பொருந்துகிறது.

பட்டினியா, நஞ்சா?

செல்கள் எரிபொருள் இல்லாமல் சாகின்றனவா, தேங்கிய பொருளால் சாகின்றனவா என்பதுதான் இந்த நோயில் நான் அதிக நேரம் யோசித்த கேள்வி. இதற்கு உதவியாக இயற்கையே சில ஒப்பீடுகளைத் தந்திருக்கிறது.

இதே பாதையின் முதல் படியில் வேலை செய்யும் விஎல்காட் என்ற நொதி பழுதாகும் நோய் உண்டு. அதிலும் கீட்டோன் இல்லாத சர்க்கரைத் தாழ்வு வரும், இதயத்தசை தடிக்கும், உடல்தசை சிதையும். கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிவிடும் கார்னிடைன் நொதிகள் பழுதாகும் நோய்களும் உண்டு. இவற்றிலும் நீள்சங்கிலிக் கொழுப்பு சரியாக எரிவதில்லை. ஆயினும் விழித்திரைச் சிதைவு இந்த நோய்களின் அடையாளம் அல்ல. எல்சாட் குறைபாட்டிலும், எல்சாட் அங்கமாக இருக்கும் முப்பணிப் புரதம் முழுதாகப் பழுதாகும் நோயிலுந்தான் கண் இப்படிக் கெடுகிறது. இவ்விரண்டுக்கும் பொதுவானது ஹைட்ராக்சி அமிலங்களின் தேக்கம்.

எரிபொருள் பற்றாக்குறை மட்டுமே காரணமாக இருந்தால் விஎல்காட் குறைபாட்டிலும் கண் கெட வேண்டும். முதல் படிக்கு ஏகாட்9 போன்ற மாற்று நொதிகள் ஓரளவு கைகொடுக்கலாம் என்பதால் இந்த வாதம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் தராசு நஞ்சின் பக்கமே சாய்கிறது. 2005இல் வெளியான ஆய்வு ஒன்றும் அதே திசையைக் காட்டுகிறது: இரத்தத்தில் ஹைட்ராக்சி அசைல்கார்னிடைன்கள் நீண்ட காலம் உயர்ந்தே இருந்த குழந்தைகளிடம் விழித்திரையின் மின் துலங்கல் கூடுதலாகக் குறைந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் அந்த அளவு தாழ்ந்திருந்தவர்களிடம் இழப்பு குறைவு.

அப்படியானால் உணவு கண்ணுக்கு உதவுகிறது. ஆனால் ஓரளவுக்கே. காரணத்தை மேலே பார்த்துவிட்டோம். கல்லீரல் எரிக்க வேண்டிய கொழுப்பின் அளவு நம் கையில் இருக்கிறது. வேளை தவறாமல் ஊட்டினால் சேமிப்புக் கொழுப்பு இளகாது. உணவில் குறைத்தால் வரத்தும் குறையும். இதயத்துக்கும் இதே கணக்கு. நிறமி செல்லுக்கு வரும் கொழுப்போ சாப்பாட்டைக் கேட்டு வருவதில்லை. ஒளி உணர் செல்கள் இருக்கும் வரை வட்டுகள் உதிரும். உதிர்ந்ததை விழுங்கித்தான் ஆக வேண்டும். விழுங்கியதில் நீள்சங்கிலி அமிலம் இருந்தே தீரும். கல்லீரலுக்கு ஆபத்து பட்டினி கிடந்த இரவில் மட்டும். கண்ணுக்கு ஒவ்வொரு காலையும் அந்த இரவுதான்.

விழுங்குவதையே நிறுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கும் பதில் இருக்கிறது. ஆர்சிஎஸ் எனப்படும் எலி இனத்தில் மெர்டிகே ஏற்பி பழுதானது. நிறமி செல் விழுங்குவதில்லை. உதிர்ந்த சவ்வுகள் நடுவே குப்பையாகக் குவிந்து ஒளி உணர் செல்கள் அழிகின்றன. மனிதர்களிலும் அதே மரபணு பழுதானால் விழித்திரைச் சிதைவு வருவது 2000இல் கண்டறியப்பட்டது. விழுங்காமல் இருக்க முடியாது. விழுங்கியதை எரிக்காமலும் இருக்க முடியாது.

மாக்குலாவில் சேதம் முதலில் தெரிவதற்கு, ஒளி உணர் செல்கள் அங்கே நெருக்கமாக இருப்பதும் அதனால் நிறமி செல்களுக்கு வேலை கூடுவதும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சிகிச்சை எட்டும் தூரம்

டிஎச்ஏவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நீள்சங்கிலிக் கொழுப்பைக் கடுமையாகக் குறைக்கும்போது அத்துடன் டிஎச்ஏவும் குறைந்துபோகிறது. குறுஞ்சுற்று எவ்வளவு சிக்கனமானாலும், வளரும் குழந்தையின் விழித்திரைக்கு வெளியிலிருந்தும் வரத்து வேண்டும். அதனால் இந்தக் குழந்தைகளுக்கு டிஎச்ஏ தனியாகச் சேர்த்துத் தரப்படுகிறது. முன்பு சொன்ன அதே 2005 ஆய்வில் டிஎச்ஏ அளவு நன்றாக இருந்த குழந்தைகளின் பார்வைக் கூர்மையும் நன்றாக இருந்தது. இதை எல்லோருக்குமான அறிவுரையாக நீட்டிவிடக் கூடாது. முதுமை சார்ந்த மாக்குலா நோயில் ஒமேகா-3 மாத்திரை முற்றிய நிலைக்குப் போவதைத் தடுக்கவில்லை என்பதை ஆரெட்ஸ்2 என்ற பெரிய ஆய்வு 2013இல் காட்டிவிட்டது. வரத்து அடைபட்ட குழந்தைக்குப் பலன் தருவது, வரத்து சரியாக உள்ள பெரியவருக்கும் பலன் தர வேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற டிரைஹெப்டனோயின் ஏழு கார்பன் அமிலங்களால் ஆன எண்ணெய். இதயத்துக்கும் தசைக்கும் நடுத்தரச் சங்கிலி எண்ணெயைவிட முழுமையான எரிபொருள். வட்டுகளிலிருந்து வரும் நீள்சங்கிலி அமிலத்தின் தேக்கத்துக்கு அதனால் நேரடித் தீர்வு கிடைக்காது.

இப்போது பல நாடுகளில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் எடுக்கும் இரத்தத்துளியில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அறிகுறி தோன்றும் முன்பே சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் கண் மெதுவாகவே கெடுகிறது. முழுதாகத் தப்பும் என்று உறுதி கூற முடியாது. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். விழியடியில் நிறமிச் சிதறல் தெரிந்ததும் பெரும்பாலான பெற்றோர், தாங்கள் உணவில் எங்கோ தவறிவிட்டதாக நினைத்துக் கலங்குகிறார்கள். பழைய உணவுக் குறிப்பேடுகளைப் புரட்டுகிறார்கள். அந்தக் கொழுப்பு அவர்கள் ஊட்டிய கரண்டியிலிருந்து வந்ததல்ல, குழந்தையின் கண்ணே தனக்காக உண்டாக்கிக்கொண்டது என்று விளக்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாத மருத்துவர் ஒரு குடும்பத்தை வீண் குற்றவுணர்வில் விடுகிறார்.

மரபணுச் சிகிச்சைக்கு இந்த நோய் பொருத்தமான வேட்பாளர் என்றே எனக்குப் படுகிறது. நிறமி செல்லுக்குள் நல்ல மரபணுவைக் கொண்டு சேர்ப்பது நடக்கக்கூடியதுதான் என்பதை, ஆர்பிஇ65 மரபணுப் பழுதுக்கு 2017இல் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை நிரூபித்துவிட்டது. எச்ஏடிஎச்ஏ புரதம் 763 அமினோ அமிலம் நீளம். அதற்கான குறியீடு ஏறக்குறைய 2,300 எழுத்துகள். சிகிச்சையில் பயன்படும் ஏஏவி வைரஸ் ஏறத்தாழ 4,700 எழுத்துகளைச் சுமக்கும், இடத்துக்குத் தட்டுப்பாடில்லை. ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புரதம் தனியாக வேலை செய்வதில்லை. எச்ஏடிஎச்பி என்ற துணையோடு சேர்ந்த கூட்டமைப்பாகவே இயங்குகிறது. பழுதான பிரதிகள் துணையோடு ஏற்கெனவே இணைந்திருக்கும் செல்லில் நல்ல பிரதிகள் போட்டியிட்டு இடம் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று காலம். நிறமி செல் அழிந்த தீவில் மரபணுவைக் கொண்டு சேர்க்க ஆளே இருக்காது. சிகிச்சை பலிக்க வேண்டுமானால் அது இரண்டாம் நிலை முடிவதற்குள், அதாவது குழந்தை எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கும் காலத்திலேயே நடக்க வேண்டும். அந்த வயதில் பார்வையை மட்டும் அளந்தால் நோய் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. அதனால்தான் எல்சாட் குறைபாடு உறுதியான ஒவ்வொரு குழந்தைக்கும், குறை எதுவும் தெரியாவிட்டாலும், முதல் ஆண்டிலிருந்தே விழியடிப் படமும், ஒத்துழைக்கும் வயது வந்ததும் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி படமும், மின் துலங்கல் பதிவும் ஆண்டுதோறும் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நாளை ஒரு சிகிச்சை வந்தால், அது வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவுகள்தான் கையில் இருக்கும்.